சட்டை எந்த நாட்டுச் சட்டை? ஆர்செப் ஒப்பந்தமும் பிறப்பிட விதிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த அச்சு வடிவம்)



வியட்நாமில் ஒரு தொழிற்சாலை சட்டை தைக்கிறது. துணி சீனாவில் நெய்தது. சட்டை போய்ச் சேர வேண்டிய இடம் ஜப்பான். துறைமுகத்தில் சுங்க அதிகாரி கேட்கப்போவது ஒரே கேள்வி: இது எந்த நாட்டுச் சட்டை?

இறக்குமதியாளர் எந்த ஒப்பந்தத்தின் சான்றை நீட்டுகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஜப்பானும் வியட்நாமும் சிபிடிபிபி என்னும் பசிபிக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் உறுப்பு நாடுகள். அந்த ஒப்பந்தம் பொதுவாக நூலிலிருந்தே கணக்கைத் தொடங்கும். நூற்பு, நெசவு, தையல் மூன்றும் உறுப்பு நாடுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். சீனத் துணியில் தைத்த சட்டை அங்கே தேறாது. அதே சட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறினால், 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய–வியட்நாம் ஒப்பந்தம் நெசவிலிருந்து கணக்கிடும். கொரியத் துணிக்கு மட்டும் அங்கே சலுகை உண்டு. ஆர்செப் எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின்படி, வெட்டித் தைக்கும் வேலை வியட்நாமில் நடந்தால் போதும். துணி எங்கே நெய்ததானாலும் அது வியட்நாம் சட்டை.

சட்டை ஒன்று, விடை மூன்று. இதிலிருந்துதான் இந்த உரையின் கருத்து எழுகிறது. ஆசியாவின் மிகப் பெரிய வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வரி எத்தனை விழுக்காடு குறைகிறது என்றே பார்க்கிறார்கள். பதினைந்து நாடுகள், உலக மக்கள்தொகையிலும் உற்பத்தியிலும் ஏறத்தாழ 30 விழுக்காடு, சுமார் 20 ஆண்டுகளில் 90 விழுக்காடு அளவிலான பொருள்களுக்கு வரி நீக்கம் என்று எண்களை அடுக்குகிறார்கள். எண்கள் சரியானவைதாம். ஆனால் அந்த வரிச் சலுகை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் மூன்றாம் அத்தியாயம். அது பிறப்பிட விதிகளைப் பற்றியது. ஆர்செப்பின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

1. இரண்டு வரைபடங்களுக்கு நடுவில்

2000களின் முதல் பத்தாண்டில் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பு தன் பெரிய அண்டை நாடுகளோடு தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. சீனாவோடு 2004இல் சரக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்து கொரியாவும் ஜப்பானும் வந்தன. 2010இல் இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுடனான ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வரிப் பட்டியல், தனிப் பிறப்பிட விதி, தனிப் படிவம். பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி இத்தகைய சிக்கலை 1995இலேயே இத்தாலிய ஸ்பகெட்டிக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். ஆசியாவில் அதை நூடுல்ஸ் கிண்ணம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அதை எப்படி ஒன்றாக்குவது என்பதில் இரண்டு திட்டங்கள் மோதின. ஆசியானோடு சீனா, ஜப்பான், கொரியா மட்டும் சேர்ந்தால் போதும் என்று சீனா விரும்பியது. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் வேண்டும் என்றது ஜப்பான். பல ஆண்டுகள் நகராமல் கிடந்த இந்த வழக்கை 2011 நவம்பரில் பாலி உச்சி மாநாட்டில் ஆசியான் தன் கையில் எடுத்துக்கொண்டது. எங்களோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருப்பவர் எவரும் வரலாம் என்பது அதன் வழி. இப்படித்தான் ஆர்செப் பிறந்தது. ஊடகங்கள் இதைச் சீனா தலைமையிலான ஒப்பந்தம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்த ஆவணங்களின் காப்பாளர் ஜகார்த்தாவில் இருக்கும் ஆசியான் பொதுச்செயலாளர். ஆசியான் நாடுகளுள் ஆறேனும் மற்றவற்றுள் மூன்றேனும் ஒப்புதல் தந்தால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும் என்பதே அதில் எழுதிய நிபந்தனை.

பாலி மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. அயுத்தயாவில் ஹோண்டாவின் கார்த் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. ஹார்டு டிஸ்க் செய்யும் ஆலைகளும் மூழ்கின. உதிரிபாகம் வராமல் வட அமெரிக்காவில் ஹோண்டா உற்பத்தியைக் குறைத்தது. உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. ஆசியாவின் பல பொருள்கள் இனி ஒரே நாட்டில் உருவாவதில்லை என்பதை அந்த வெள்ளம் எல்லோருக்கும் காட்டியது. அந்தத் தொழிற்சாலைகளின் நடப்புக்கு ஏற்ற சட்டம்தான் அன்று இல்லை.

2. கூட்டிப் பார்க்கும் உரிமை

அவையோர் இந்த இடத்தில் சற்றுப் பொறுமையோடு ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த உரை இதன் மேல்தான் நிற்கிறது.

வியட்நாமில் ஓர் இயந்திரம் தயாராகிறது. கப்பலேற்றும்போது அதன் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் சீனாவில் உருவான பாகங்கள் 35, ஜப்பானில் உருவானவை 30, ஜெர்மனியிலிருந்து வந்தவை 15. மீதி 20 வியட்நாமின் உழைப்பும் பொருளும் இலாபமும். இயந்திரம் கொரியாவுக்குப் போகிறது. மதிப்பில் 40 விழுக்காடு ஒப்பந்த வட்டாரத்துக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பதே இத்தகைய பொருள்களுக்குப் பரவலான விதி.

ஆசியான்–கொரியா ஒப்பந்தத்தில் சீனாவும் ஜப்பானும் அயலார். ஆகவே 20 மட்டுமே கணக்கில் வரும். பொருள் தேறாது, முழு வரி கட்ட வேண்டும். ஜப்பானுக்கு அனுப்பினால் ஆசியான்–ஜப்பான் ஒப்பந்தப்படி 20உம் 30உம் சேர்ந்து 50; தேறும். சீனாவுக்கு அனுப்பினால் 55, அதுவும் தேறும். ஒரே இயந்திரம் இரண்டு நாட்டுக்கு உள்ளே போகிறது, மூன்றாவதன் வாசலில் நிற்கிறது. இதைச் சமாளிக்க ஒரு தொழில்முனைவர் கொரியாவுக்கென்று தனியே, வேறு பாகங்களோடு, வேறு இயந்திரம் செய்ய வேண்டியிருக்கும்.

ஆர்செப்பில் வியட்நாமின் 20, சீனாவின் 35, ஜப்பானின் 30 மூன்றையும் கூட்டலாம். 85. ஜெர்மனியின் 15 மட்டும் வெளியே. இந்தக் கூட்டும் உரிமையைத் திரட்டல் என்கிறார்கள். வரியை ஒரு காசுகூடக் குறைக்காமல், இருக்கிற சலுகையைப் பயன்படுத்தக்கூடியவர்களின் எண்ணிக்கையை இந்த ஒரு விதி பெருக்கிவிடுகிறது.

ஆனால் இதற்கொரு எல்லை உண்டு. தானே தனியாகப் பிறப்பிடத் தகுதி பெற்ற பாகம் மட்டுமே கூட்டலில் சேரும். கம்போடியாவில் செய்த ஒரு பாகத்துக்கு 40 விழுக்காட்டு விதி பொருந்துகிறது, அதில் 30 விழுக்காடுதான் வட்டாரத்துக்குள் உருவானது என்று கொள்வோம். அது 40ஐ எட்டவில்லை. வேறு உறுப்பு நாடு அதை வாங்கித் தன் பொருளில் சேர்க்கும்போது அந்தப் பாகம் அயலாரின் பாகமாகவே எண்ணப்படும். கம்போடியத் தொழிலாளியின் அந்த 30 விழுக்காட்டு உழைப்பு கணக்கிலேயே வராது. உழைப்பு எவ்வளவு சிறிதானாலும் அதைக் கூட்டும் முறைக்கு முழுத் திரட்டல் என்று பெயர். கையெழுத்திட்ட எல்லா நாடுகளிலும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் இது பற்றிய மறுஆய்வைத் தொடங்கி, ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. உற்பத்திச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் கம்போடியாவுக்கும் லாவோஸுக்கும் வரிக் குறைப்பின் இன்னொரு சுற்றைவிட இதுவே பெரிது. அந்த நாடுகளில் ஒரு பொருளின் முழு வேலையும் அரிதாகவே நடக்கிறது. ஒரு துண்டு வேலைதான் நடக்கிறது.

3. கிழக்கின் மூவர்

ஆசியான் நாடுகளுக்குள் வரி ஏற்கெனவே பெரும்பாலும் நீங்கிவிட்டது. புதிய வாசல் திறந்தது வேறிடத்தில்.

ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையே ஆர்செப்புக்கு முன் எந்த வரிச் சலுகை ஒப்பந்தமும் இருந்ததில்லை. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையிலும் அப்படியே. கொரியாவும் ஜப்பானும் 2003 டிசம்பரில் இருதரப்புப் பேச்சைத் தொடங்கி அடுத்த ஆண்டிலேயே நிறுத்தின. மூன்று நாடுகளும் சேர்ந்து 2013 மார்ச்சில் சியோலில் தொடங்கிய முத்தரப்புப் பேச்சு 2019 வரை பதினாறு சுற்றுகள் நடந்தும் முடிவுக்கு வரவில்லை. வரலாற்றுக் காயங்களும் தீவுத் தகராறுகளும் குறுக்கே நின்றன. மூவரும் தங்களுக்குள் நேராகப் போட முடியாத கையெழுத்தை, ஆசியான் அமைத்த மேசையில், 2020 நவம்பர் 15 அன்று வியட்நாம் நடத்திய காணொளிக் கூட்டத்தில் போட்டார்கள்.

இதன் அளவை ஜப்பானிய அரசின் கணக்கு காட்டுகிறது. சீனா வரியில்லாமல் ஏற்கும் ஜப்பானியத் தொழிற்பொருள்களின் பங்கு 8 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காடாக உயரும். கொரியாவில் 19இலிருந்து 92. படிப்படியாக, பல ஆண்டுகளில். ஜப்பானும் தன் பங்குக்கு அரிசி, கோதுமை, மாட்டிறைச்சி–பன்றி இறைச்சி, பால்பொருள், சர்க்கரை ஆகிய ஐந்தையும் வரிக் குறைப்பிலிருந்து விலக்கிக் காத்துக்கொண்டது.

வியட்நாமின் இயந்திரத்தில் சீனப் பாகமும் ஜப்பானியப் பாகமும் ஒரே கூட்டலில் சேர முடிந்ததற்குக் காரணம் இந்த மூவரும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்ததுதான்.

4. ஒரே வட்டாரம், பல வரிகள்

பொருள் வட்டாரத்தில் பிறந்தது என்று நிலைநாட்டினால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. சீனா தன் வரிக்குறைப்பை ஒரே பட்டியலாகத் தரவில்லை. ஆசியானுக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று, கொரியாவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தனித்தனியே என்று வைத்திருக்கிறது. ஆகவே பொருள் வட்டாரத்துக்குள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற இரண்டாவது கேள்வியும் எழுகிறது.

பொதுவாக, பிறப்பிட விதியை நிறைவேற்றிய ஏற்றுமதி நாடே அந்த நாடு. ஆனால் இறக்குமதி நாடுகள் சில பொருள்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு ஏற்றுமதி நாட்டிலேயே 20 விழுக்காடு மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால், அதிக மதிப்பிலான பாகங்களைத் தந்த நாட்டின் வரிவிகிதம் பொருந்தும். இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்று நினைக்கும் இறக்குமதியாளர், பங்களித்த நாடுகளுக்கான விகிதங்களில் உயர்ந்ததைக் கட்டிச் சலுகை பெறலாம். நூடுல்ஸ் கிண்ணம் முழுவதும் காலியாகவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

சான்று வாங்கும் செலவும் உண்டு. ஏற்றுமதியாளர்கள் ஆரிஜின் சர்டிபிகேட் என்று சொல்லும் பிறப்பிடச் சான்றுக்குப் பாகங்களின் விலைப்பட்டியல், கொள்முதல் ரசீது, செலவுக் கணக்கு என்று கட்டுக் கட்டாய்த் தாள் வேண்டும். வழக்கமான வரியே இரண்டு மூன்று விழுக்காடுதான் என்றால் சிறுதொழில் செய்பவர் அந்த அலைச்சலுக்கு வரியையே கட்டிவிடுவார். கணினி, சில்லு போன்றவற்றுக்கு 1996இல் சிங்கப்பூரில் முடிவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டால் ஏற்கெனவே பல நாடுகளில் வரி இல்லை. அங்கே சான்றுக்கு வேலையே இல்லை. சலுகை உண்மையில் உறைப்பது ஆடை, காலணி, உணவுப்பொருள், வாகன உதிரிபாகம் போன்ற வரி கூடிய இடங்களில்.

ஆர்செப் இதில் இரண்டு நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளர் அரசு அலுவலகம் போகாமல் தாமே பிறப்பிடத்தை அறிவிக்கலாம். காலப்போக்கில் எல்லா ஏற்றுமதியாளருக்கும் இந்த உரிமை விரிய வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்குப் பத்தாண்டும், கம்போடியா, லாவோஸ், மியான்மருக்கு இருபதாண்டும் அவகாசம். அடுத்தது, வழியில் இருக்கும் நாடு முதற்சான்றின் அடிப்படையில் மறுசான்று தரலாம். சீனாவிலிருந்து சிங்கப்பூர்க் கிடங்குக்கு மொத்தமாக வந்த சரக்கை அங்கிருந்து பிரித்து மூன்று நாடுகளுக்கு அனுப்பினாலும் சலுகை போகாது. அழுகும் பொருள்களை இயன்றவரை ஆறு மணி நேரத்துக்குள் சுங்கம் விடுவிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. தாய்லாந்தின் துரியன் பழத்துக்கு வரிச்சலுகையைவிட இந்த ஆறு மணி நேரம் பெரிய சலுகை.

தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ஆர்செப்பில் தனி அத்தியாயம் இல்லை. தைக்கும் பெண்ணின் கூலி பற்றி இந்த ஒப்பந்தம் பேசவில்லை. இது பெரிய குறை என்பதே இந்த உரையின் நிலை.

5. இந்தியா எழுந்து போனதும் வனஸ்பதி ஆலைகளும்

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் மற்றப் பதினைந்து நாடுகளும் இருபது அத்தியாயங்களின் வாசகமும் முடிந்தது என்று அறிவித்தபோது, இந்தியா விலகியது. பால்பண்ணை விவசாயிகளின் அச்சம், சீனாவோடு 2018-19இல் 5,300 கோடி டாலருக்கு மேல் போன வர்த்தகப் பற்றாக்குறை ஆகியவை அதிகம் பேசப்பட்டன. பேச்சுமேசையில் இந்தியா விடாமல் கேட்டவற்றுள் கடுமையான பிறப்பிட விதியும் ஒன்று. சீனாவுக்கு வரி வைத்துக்கொண்டு வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் வரி நீக்கினால், சீனப் பொருள் பெயர் மாற்றிக்கொண்டு அந்த வழியாக வராதா என்பது இந்தியாவின் கவலை.

அந்தக் கவலைக்கு அனுபவம் பின்னணியாக இருந்தது. 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தம் எளிய விதியோடு தொடங்கியது. 35 விழுக்காடு மதிப்புக் கூட்டல், பொருள் வேறு நான்கு இலக்கத் தலைப்புக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். பாமாயிலுக்கு அப்போது இந்தியாவில் உயர்ந்த வரி, இலங்கையில் குறைந்த வரி. இந்திய முதலீட்டாளர்களே இலங்கைக்குப் போய் வனஸ்பதி ஆலைகளைத் தொடங்கினார்கள். இறக்குமதிப் பாமாயில் அங்கே வனஸ்பதியாகி இந்தியாவுக்குள் வந்தது. பழைய செம்பு உருக்கிய செம்பாக வந்ததும் இதே கதை. சில ஆண்டுகளில் இலங்கையின் இந்திய ஏற்றுமதியில் இவ்விரண்டுமே பெரும்பங்கு வகித்தன. இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் உச்சவரம்பு போட்டது. பிறகு வரி இடைவெளி சுருங்கியதும் அந்த ஆலைகளுக்கு அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. வேலை இழந்தவர்கள் இலங்கைத் தொழிலாளர்கள்.

மிளகில் வேறு வகைச் சிக்கல். வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் குரலெழுப்பினர். 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. பிறப்பிட விதி தோற்ற இடத்தில் விலைக்கட்டுப்பாடு வந்து நின்றது.

2020 செப்டம்பரில் இந்தியா சுங்க விதிகளையே மாற்றியது. பிறப்பிடச் சான்றைக் காட்டினால் போதாது. பொருள் எப்படி உருவானது, எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று இறக்குமதியாளரே அறிந்து வைத்திருந்து, கேட்டால் விளக்க வேண்டும். நோக்கம் நியாயமானது. ஆனால் வெளிநாட்டு உற்பத்தியாளரின் செலவுக் கணக்கைச் சென்னையில் இருக்கும் சிறு இறக்குமதியாளர் எப்படிப் பெறுவார்? தன் இலாப விகிதத்தை வாங்குபவரிடம் எந்த உற்பத்தியாளர் காட்டுவார்? ஏமாற்றுபவரைப் பிடிக்க இட்ட வேலி நேர்மையான சிறு வணிகரையும் தடுக்கிறது. இந்தச் சோதனையை இரு நாட்டுச் சுங்கத் துறைகளும் தங்களுக்குள் செய்துகொள்வதே முறை.

இந்தியாவுக்கு ஆர்செப்பின் கதவு திறந்தே இருக்கிறது. மற்ற நாடுகள் சேர நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி, தொடக்கம் முதல் பேச்சில் இருந்த இந்தியாவுக்கு மட்டும் பொருந்தாது.

6. கொழும்பின் விண்ணப்பம்

அந்தப் பதினெட்டு மாதக் காத்திருப்பு முடியும் தறுவாயில், 2023 ஜூனில் இலங்கை விண்ணப்பித்தது. ஹாங்காங் அதற்கு முன்பே கேட்டிருந்தது. இலங்கை 2018இல் சிங்கப்பூருடனும் 2024 பிப்ரவரியில் தாய்லாந்துடனும் தனி ஒப்பந்தங்களைச் செய்திருக்கிறது. இது கிழக்கு நோக்கிய தெளிவான நகர்வு.

இலங்கையின் முதன்மை ஏற்றுமதி ஆடை. ஆர்செப்பின் ஆடை விதி வெட்டித் தைப்பதை மட்டுமே கேட்பதால், இந்தியத் துணியை வாங்கி இலங்கையில் தைத்தாலும் அது இலங்கை ஆடையாகவே ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போகலாம். மதிப்பு விழுக்காட்டைக் கேட்கும் பொருள்களில் கதை வேறு. இந்தியா வெளியே இருக்கும்வரை, இந்தியாவிலிருந்து வாங்கும் பாகமும் உலோகமும் வேதிப்பொருளும் அங்கே அயலாரின் பங்காகவே எண்ணப்படும். அதே பாகத்தைச் சீனாவிலோ மலேசியாவிலோ வாங்கினால் கூட்டலில் சேரும். அப்போது இலங்கைத் தொழில்முனைவர் இந்திய விற்பனையாளரை விட்டு விலகுவது இயல்பு. தமிழ்நாட்டின் உதிரிபாகத் தொழிலுக்கு இது நேரடியான செய்தி.

இதற்கிடையே பிறப்பிடக் கேள்வி இன்னொரு முகத்தையும் காட்டியிருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கா வியட்நாம் பொருள்களுக்கு 20 விழுக்காடு வரி என்றும், வேறு நாட்டுப் பொருளை வழிமாற்றி அனுப்பியது என்று கண்டால் 40 விழுக்காடு என்றும் அறிவித்தது. ஆர்செப்பில் சீனப் பாகம் சேர்ந்தால் சலுகைக்குத் தகுதி கூடுகிறது. அந்த அறிவிப்பின்படி அமெரிக்கத் துறைமுகத்தில் அதே பாகம் சந்தேகத்தைக் கூட்டியது. ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் தொழிற்சாலைக் கணக்கர்கள் ஒரே பொருளுக்கு இரண்டு விதமான பாகப் பட்டியல்களை வைத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தது.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டு கழிந்ததும், அதாவது 2027இல், ஆர்செப்பின் பொது மறுஆய்வு வர வேண்டும். வரி இன்னும் எத்தனை விழுக்காடு குறையும் என்றுதான் அப்போதும் தலைப்புச் செய்தி வரும். இந்த அவையில் இருக்கும் பொருளியல், வணிகவியல் மாணவர்கள் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதே இங்கு வைக்கும் வேண்டுகோள். முழுத் திரட்டல் ஏற்கப்பட்டால் கம்போடியத் தொழிலாளியின் அந்த 30 விழுக்காட்டு உழைப்பும் கணக்கில் ஏறும். ஏற்கப்படாவிட்டால் ஒரு பொருளின் முழு வேலையையும் செய்யவல்ல பெரிய நாடுகளுக்கே கூட்டும் உரிமை அதிகம் பயன்படும். விதியை எழுதும் மேசையில் இப்போது பதினைந்து நாடுகள் அமர்ந்திருக்கின்றன. இந்தியா அவற்றுள் இல்லை. இலங்கை விண்ணப்பத்தோடு காத்திருக்கிறது.